கூரை மடங்கும் காரும் காற்றடைக்கும் கயாக்கும்: சான்றிதழைப் புதுப்பிப்பதா, விடுவதா?

மடிப்புப்படகு (ஈசூன்)

அனைவருக்கும் வணக்கம். இத்தனை காலம் வாசகனாக மட்டுமே இருந்த நான் இன்று எழுத வந்ததற்கு ஒரு கேள்விதான் காரணம். வீட்டில் யாரிடம் கேட்டாலும் அதற்கு என்ன பதில் வரும் என்பது எனக்கு முன்பே தெரியும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். வேலைக்கு எம்ஆர்டி ரயிலில்தான் போய்வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் பத்து ஆண்டு கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழில் மூன்றரை ஆண்டு மீதமிருந்த, துணிக்கூரை மடங்கும் இரண்டு இருக்கை கார் ஒன்றை 62,000 வெள்ளிக்கு வாங்கினேன். அதற்கு அடுத்த ஆண்டு காற்றடைக்கும் கயாக் ஒன்றை 290 வெள்ளிக்கு வாங்கினேன். ஒருவனுக்கு எதற்கு இரண்டு பைத்தியம் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே பைத்தியத்தின் இரு பாதிகள் என்பதை அவர்களுக்கு என்னால் விளக்க முடியவில்லை. கூரை மடங்கும் காரின் மேல் கம்பி பொருத்தி முழுநீளக் கயாக்கைக் கட்டிக்கொண்டு போக முடியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள் அப்படிப்பட்ட படகுக்கு இடமில்லை. பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பதால் வாசலில் சாய்த்து வைக்கவும் வழியில்லை. ஆகவே, சுருட்டினால் பைக்குள் அடங்கும் படகைத் தவிர எனக்கு வேறு படகு வாய்க்காது.

அந்தப் பை சுமார் 15 கிலோ. காரின் பின்பெட்டியில் பம்பு, கழற்றிய துடுப்பு, உயிர்காப்பு அங்கி, தண்ணீர்ப் புட்டிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே இடம் உண்டு என்பதால் பை பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்ளும். கார் அதை ஓர் ஆள் என்று எண்ணிக்கொண்டு, இருக்கை வாரைப் போடச் சொல்லி விடாமல் கத்தும். வாரை இழுத்துப் பையின் குறுக்கே மாட்டிய பிறகுதான் அடங்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புவேன். 1982இல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததன் பயனாக இங்கு ஏழு மணி வாக்கில்தான் சூரியன் எழுகிறது. எனவே செலேத்தார் விரைவுச்சாலையும் தெம்பனிஸ் விரைவுச்சாலையும் அந்நேரத்தில் இருட்டாகவே இருக்கும். கூரையை மடக்கிவிட்டுப் போனால், மரங்கள் அடர்ந்த இடத்தில் காற்று சட்டென்று குளிர்வதும், இரவு பெய்த மழையில் நனைந்த புல்லின் வாசம் ஓரிடத்தில் வந்து அடுத்த வளைவில் காணாமல் போவதும் தெரியும். கண்ணாடி ஏற்றிய காரில் இருபது ஆண்டுகள் இதே சாலையில் போயும் எனக்குத் தெரியாமலிருந்தவை இவை. பாசிர் ரிஸ் கடற்கரையில் பன்னிரண்டு நிமிடம் பம்பு அடித்தால் படகு தயார். எட்டரைக்கெல்லாம் கரையேறி, ஒன்பதரைக்குள் வீடு திரும்பிவிடுவேன். அதற்கு மேல் வெயிலில் கூரையைத் திறப்பவர், காரைப் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகத் திறப்பவர் என்பது என் எண்ணம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். காருக்குப் பத்து ஆண்டு நிறைய இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது. இப்போதே பதிவை நீக்கினால் ஏறத்தாழ 11,000 வெள்ளி கழிவாக அரசிடமிருந்து திரும்பக் கிடைக்கும். புதுப்பித்தால் அந்தத் தொகையை மறந்துவிட வேண்டியதுதான். இரண்டு லிட்டர் இயந்திரம் என்பதால் பெரிய கார்களுக்கான பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவின் சான்றிதழ் 2023 அக்டோபரில் 150,000 வெள்ளியைத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடந்த மூன்று மாத ஏலங்களின் சராசரியைச் செலுத்திப் பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். அதில் பாதியைச் செலுத்தி ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதன்பின் நீட்டிக்க இயலாது. சாலை வரியும் பத்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி, ஐம்பது விழுக்காடு கூடுதலில் போய் நிற்கும். புதுப்பிப்பதா, விடுவதா? இரண்டில் ஒன்றையாவது அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் கணக்கர்

வணக்கம். தொழில் புத்தி என்னை விடுவதில்லை என்பதால் நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்ற ஆண்டில் உங்கள் காரின் கூரை மொத்தம் எத்தனை மணி நேரம் திறந்திருந்தது? கூரை மூடிய நிலையில் அது சத்தம் சற்று அதிகமான, பின்னிருக்கை இல்லாத சாதாரணக் கார் மட்டுமே. ஆகவே நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது அந்தத் திறந்த மணிகளைத்தான்.

கழிவைத் தள்ளினால் 51,000 வெள்ளி, மூன்றரை ஆண்டுக்கு. அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 14,600 வெள்ளி தேய்மானம். காப்புறுதி, சாலை வரி, பெட்ரோல், வீவக கார்நிறுத்துமிட மாதக் கட்டணம் ஆகியவற்றை நான் சேர்க்கவே இல்லை. திறந்த கூரையின் மீது ஆசை வரும்போது ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் சில நூறு வெள்ளியில் முடிந்துவிடும். கயாக்கும் அப்படியே, மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு நிலையங்களில் பயிற்சி பெற்றுவிட்டால் குறைந்த கட்டணத்தில் எடுத்து ஓட்டலாம், பம்பு அடிக்கும் பன்னிரண்டு நிமிடமும் மிச்சமாகும்.

நீரோட்டம் (பாசிர் ரிஸ்)

காரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கயாக் பற்றிச் சொல்லலாம். பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பன்னிரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றிக் கணக்கர் ஐயா எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் காற்றடைத்த படகை ஓட்டுபவரின் உயிர் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு ஒன்று. இவ்விலையில் கிடைக்கும் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ போதும். லாரி டயரைப் போலக் கல்லாக இருக்க வேண்டும் என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. காலையில் 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சரியாக 1 பிஎஸ்ஐ ஏற்றிய படகை மணலில் வெயில்பட விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறீர்கள், உள்ளே இருக்கும் காற்று 50 பாகைக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7, அதோடு நம் 1 சேர்த்து 15.7. அது வெப்பத்துக்கு ஏற்ப விரிய இடமில்லாமல் ஏறினால் 16.9 ஆகும். அளவுமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் இருப்பதை மட்டும்தான் என்பதால் அது 2.2 என்று காட்டும், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். துணி சற்று இழுபட்டுக் கொடுப்பதால் கணக்கு அவ்வளவு கடுமையாக இராது என்றாலும் தையலோரங்கள் விட்டுப்போவது இப்படித்தான். இதற்கு நேர்மாறாக, வெயிலில் ஏற்றிய படகைத் தண்ணீரில் இறக்கியதும் அது குளிர்ந்து தொய்ந்துவிடும். ஆகவே நிழலில் பம்பு அடியுங்கள். தண்ணீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, மீண்டும் கையால் அழுத்திப் பார்த்துத் தேவையானால் சற்று ஏற்றுங்கள். கரைக்கு வந்ததும் அடைப்பானைத் திறந்து கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது காற்று. இவ்வகைப் படகு எடை குறைவு, தண்ணீருக்கு மேல் நிற்கும் பாகம் அதிகம். தேங்காய் மட்டையைப் போலக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். அடியில் பொருத்தும் துடுப்புவாலை மறந்துவிட்டு இறங்கினால் நேராகப் போகவே மாட்டீர்கள். போகும்போது எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

ஓதத்துக்கும் இதே விதி. நம் கடலில் நீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. பெரிய ஓதங்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 3 மீட்டர் வேறுபாடு இருக்கும். பெரிய ஓதம் எப்போது என்று அறிய வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே உங்களுக்குப் பாதி சொல்லிவிடும்: அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீரோட்டம் மிகக் கடுமை. மீதிப் பாதிக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையைப் பாருங்கள். இதை ஒரு முறை நானே அலட்சியப்படுத்தினேன். பௌர்ணமிக்கு மறுநாள், உபினுக்கும் கெத்தாம் தீவுக்கும் இடையிலுள்ள கால்வாயில் அலையாத்தி வேர்களுக்கு நடுவே மடவை மீன் துள்ளுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே நேரத்தைக் கடத்திவிட்டேன். திரும்பும்போது நாற்பது நிமிடம் துடுப்புப் போட்டும் எதிரே இருந்த அதே மீன்பண்ணையின் அதே நீலப் பீப்பாய் பக்கத்திலேயே நின்றது. அதன் கயிற்றைப் பிடித்து ஓய்வெடுக்கலாம் என்று கை நீட்டினால், கயிறு முழுவதும் கூரிய ஓடுள்ள கொட்டலசு. உள்ளங்கையில் நான்கு கீறல். நல்ல வேளையாகக் கிழிந்தது கைதான், படகல்ல. ஓதம் திரும்பும் வரை மரவேரைப் பற்றிக்கொண்டு காத்திருந்து வந்தேன்.

மூன்றாவது, இடி. இங்கே ஆண்டில் 160 நாளுக்கும் மேல் இடி முழங்குகிறது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் மேற்கிலிருந்து வரும் சுமத்ராக் காற்று வானம் கறுத்த சிறிது நேரத்திலேயே மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். நீங்கள் கிளம்பும் அதே ஆறு மணிதான் அதற்கும் பிடித்த நேரம். கிளம்பும் முன் மழை ராடார் படத்தைப் பாருங்கள்; மலாக்கா நீரிணைப் பக்கம் வில்லைப் போல் ஒரு கோடு தெரிந்தால் மீண்டும் படுத்துத் தூங்குங்கள். வெளிச்சம் வரும் முன் தண்ணீரில் இறங்க வேண்டாம். பம்போட் என்னும் மோட்டார் படகின் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். நீர்த்தேக்கங்களில் இறங்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: அவை குடிநீர் என்பதால் சொந்தப் படகை நினைத்த இடத்தில் இறக்க முடியாது, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதிகளை முதலில் பாருங்கள்.

பட்டறைவாசி

மடிப்புப்படகு அண்ணே, வணக்கம். உட்லண்ட்ஸ் பக்கம் கார் பட்டறையில் இருக்கிறேன். சான்றிதழைப் பற்றி முடிவெடுக்கும் முன் உங்கள் காரின் இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உங்கள் கேள்விக்கு வேறு விடை வரும்.

துணிக்கூரை கார்களில் கூரை மடங்கும் இடத்தில் இருபுறமும் ஒரு வடிகால் துளை இருக்கும். கூரையில் விழும் மழைநீர் ரப்பர்ப் பட்டையின் வழியே இறங்கி, அந்தத் துளையில் புகுந்து, ஒரு குழாயின் வழியே காரின் அடியில் வெளியேற வேண்டும். நம் சாலையோரம் முழுவதும் தூங்குமூஞ்சி மரம். மாலையிலும் மழைக்கு முன்னும் இலை மடங்கிவிடுவதால் நாம் தூங்குமூஞ்சி என்கிறோம். மலாய்க்காரர்கள் ஐந்து மணி மரம் என்கிறார்கள். பார்க்க அழகான அந்த மரத்தின் பொடி இலை ஒவ்வொன்றும் சரியாக அந்தத் துளைக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். என்னிடம் வந்த ஒருவர், வேறொரு பட்டறையில் இரண்டு முறை தரைவிரிப்பை மாற்றியிருந்தார். யாரும் துளையைப் பார்க்கவில்லை. நான் எடுத்தது ஒரு கைப்பிடி இலையும் மண்ணும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு ஒரு முழம் இருந்தால் போதும், நீங்களே மெதுவாக விட்டு எடுக்கலாம். கம்பியை விட்டால் குழாய் கிழியும். காற்றழுத்தம் அடித்தால் குழாய் உள்ளே கழன்றுகொள்ளும், பிறகு செலவுதான்.

இன்னொன்று, நனைந்த கூரையை மடக்கவே கூடாது. மழை விட்டவுடன் ஆசையாக மடக்கி, அப்படியே கார்நிறுத்துமிடத்தில் ஒரு வாரம் விட்டால், மடிப்புக் கோடு முழுவதும் பூசணம் பிடித்துவிடும், துணியும் சுருங்கும். பத்து ஆண்டான கூரையைப் புதுப்பிப்பதற்குச் சில ஆயிரம் வெள்ளி தனியே ஒதுக்க வேண்டும். பத்து ஆண்டைத் தாண்டிய காருக்குச் சோதனையும் ஆண்டுதோறும் வரும். புதுப்பிக்கச் சொன்னால் எனக்கு வேலை கிடைக்கும், ஆனால் அண்ணனிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. காரைக் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பொங்கோல் அக்கா

பட்டறைத் தம்பி சொன்ன அந்தப் பூசணம் கயாக்கிலும் வரும். என் முதல் படகை ஒரு மாலை உபயோகித்துவிட்டு, மறுநாள் வேலை என்பதால் அப்படியே சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பையைத் திறந்தபோது வந்த வாடை இருக்கிறதே, கருவாட்டுக் கடை தோற்றுவிடும். அடித்தட்டும் பக்கக் குழாயும் சேரும் இடுக்கில் கறுப்புப் புள்ளிகள். அவை இன்றுவரை முழுமையாகப் போகவில்லை. இப்போது குளியலறையில் நல்ல தண்ணீரில் கழுவி, மீண்டும் பாதி காற்றடைத்து, வரவேற்பறையில் நிறுத்தி, மின்விசிறியைப் போட்டு, இடுக்குகளைப் பழைய துண்டால் துடைக்கிறேன். அரை நாள் வீட்டில் யாரும் தொலைக்காட்சி பார்க்க முடியாது. கடலில் இருந்ததைவிடப் படகு வீட்டில் மிதந்த நேரமே அதிகம் என்பார் என் கணவர்.

ஆனால் உங்கள் பதிவில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். காரும் கயாக்கும் ஒரே பைத்தியத்தின் இரு பாதிகள் என்கிறீர்கள். என்னிடம் கார் இல்லை. சந்தைக்குப் போகும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் பையைக் கட்டிக்கொண்டு பேருந்தில் போகிறேன். ஞாயிறு காலை முதல் பேருந்துகளில் இடமும் இருக்கிறது. ஓட்டுநர் ஒருவர் மட்டும் உள்ளே என்ன கூடாரமா என்று கேட்டார். பெண் தனியாகக் கடலுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நான் தனியாகப் போவதில்லை. குறைந்தது இன்னொரு படகு உடன் வரும். அது ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும் விதி.

அண்ணே, இன்னொரு கேள்வி. பக்கத்து இருக்கையில் பை அமர்ந்திருக்கிறது, அதற்கு வாரும் போட்டுவிட்டேன் என்று ரசித்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இருக்கைதானே? அண்ணி எங்கே அமர்கிறார்?

பழைய ஏடு

இழையின் போக்கை மாற்ற விரும்பவில்லை என்றாலும், மடிக்கும் படகு இந்தக் கடலுக்குப் புதிதல்ல என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1943 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அதிரடிப் படையினர் ஆறு பேர், துணியும் மரச்சட்டமும் கொண்ட மூன்று மடிப்புப் படகுகளில் துடுப்புப் போட்டு வந்து, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற ஜப்பானியர் வசமிருந்த கப்பல்களில் காந்த வெடிகளை ஒட்டிச் சென்றார்கள். கிராய்ட் என்ற பழைய மீன்பிடிப் படகில் அவற்றை மடித்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள். வெளியிலிருந்து படகில் வந்திருப்பார்கள் என்று ஜப்பானியர்கள் எண்ணவில்லை. அடுத்த மாதம் 10ஆம் தேதி தொடங்கி ஊருக்குள்ளிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள் என்பது அந்தத் தீரச் செயலின் மறுபக்கம்.

காரைப் பற்றியும் ஒன்று. பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்தது. இன்று அது ஒருவழிச் சாலை. குரங்குகள் குறுக்கே வரும். அதே வளைவுகள் இருக்கின்றன. வாகனம் உங்களிடம் இருக்கும் ஆறு மாதத்துக்குள் ஒரு மாலை அங்கே கூரையைத் திறந்து, மெதுவாக, வேக வரம்புக்குள் போய்ப் பாருங்கள். தலைக்கு மேலே மரக்கிளைகள் கூடி நிற்கும்.

மடிப்புப்படகு (ஈசூன்)

அனைவருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு வாரம் ஆனதற்குக் காரணம் கணக்கர் ஐயா கேட்ட கேள்வி. பெட்ரோல் போடும் தேதிகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு; அந்தக் குறிப்பேட்டில் போன இடத்தையும் ஓரமாக எழுதியிருப்பேன். அதை வைத்துக்கொண்டு சென்ற ஆண்டை மணிமணியாகக் கூட்டிப் பார்த்தேன். கூரை திறந்திருந்தது 74 மணி நேரம். நூறைத் தாண்டும் என்று என்னிடமே பந்தயம் கட்டியிருந்தேன். மழையும் வெயிலும் போக இந்த ஊரில் மிஞ்சுவது அவ்வளவுதான் போலும்.

14,600 வெள்ளியை 74ஆல் வகுத்தால் மணிக்கு 197 வெள்ளி. கயாக்குக்குப் படகு, அங்கி, பம்பு எல்லாம் சேர்த்து 410 வெள்ளி ஆனது. இரண்டு ஆண்டில் 83 முறை கடலில் இறங்கியிருக்கிறேன். ஒரு முறைக்கு ஐந்து வெள்ளிக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

பொங்கோல் சகோதரி கேட்ட கேள்விதான் இதைவிடக் கடினமாக இருந்தது. அந்த 74 மணியை மீண்டும் பிரித்தேன். பையோடு போனது 52. தனியாகப் போனது 13. மனைவியோடு போனது 9. அதில் மூன்று மணி நேரம் ஒரே நாள், உறவினர் திருமணத்துக்குப் போய்த் திரும்பிய இரவு. தாளை மேசையில் வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, பைக்காவது வாரைப் போட்டுவிடுகிறீர்கள், எனக்கு நானேதான் போட்டுக்கொள்கிறேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தம்பி, தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். வலப்பக்கம் ஈரம். சனிக்கிழமை வருகிறேன்.

தெம்பனிஸ் கணக்கர்

ஒரு திருத்தம். 197 வெள்ளி என்பது நியாயமான எண் அல்ல. கூரை மூடி ஓடிய நேரத்துக்கும் தேய்மானத்தில் பங்கு உண்டு. அதை முழுவதும் திறந்த மணிகளின் தலையில் கட்டச் சொன்னது என் தவறு. சரியாகப் பகிர்ந்தால் எண் குறையும். இருந்தாலும் புதுப்பிக்கும் செலவை என்னால் எந்த வழியில் பகிர்ந்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை. மீன்களுக்காக வீட்டில் ஆறு தொட்டி வைத்திருப்பவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கை நான் இதுவரை போட்டதில்லை.

நீரோட்டம் (பாசிர் ரிஸ்)

ஆறு தொட்டியா! ஐயா, தனி இழை தொடங்குங்கள்.

மடிப்புப்படகு (ஈசூன்)

முடிவைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை தம்பி வடிகாலைத் திறந்துகாட்டினார். ஒரு தேநீர்க் குவளை நிறையத் தூங்குமூஞ்சி இலை. கூரைத் துணியிலும் இடப்பக்க மடிப்பில் நூல் நைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஆறு மாதம் தாங்கும், ஐந்து ஆண்டு தாங்காது என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மாலை ஆறரைக்கு நானும் மனைவியும் கிளம்பினோம், பை இல்லாமல். கூரையைத் திறந்ததும் முடி கலைகிறது என்று மூடச் சொன்னார். மூடினேன். பழைய அப்பர் தாம்சன் சாலையின் தொடக்கத்தில், மரங்களைப் பார்த்ததும் அவரே திறக்கச் சொல்லி, துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். குரங்குகள் இரண்டு தடுப்புக் கம்பியில் உட்கார்ந்திருந்தன. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனோம். பின்னால் வந்தவர் ஒலி எழுப்பாமல் பொறுத்துக்கொண்டார், அவருக்கு நன்றி. அங்கிருந்து லிம் சூ காங் சாலைக்குப் போனோம். முன்பு போர் விமானங்கள் இறங்கிப் பழகுவதற்காக விளக்குக் கம்பங்களைக் கழற்றி ஓடுபாதையாக மாற்றினார்களே, அந்தச் சாலைதான். வானம் அங்கே அகலம். வீடு திரும்பும்வரை அவர் கூரையை மூடச் சொல்லவில்லை. சாலை வரி எவ்வளவு என்று மட்டும் ஒரு முறை கேட்டார்.

புதுப்பிக்கப் போவதில்லை. ஆறு மாதமும் ஓட்டிவிட்டுப் பதிவை நீக்கிக் கழிவை வாங்கிக்கொள்வேன். அதுவரை அந்த இருக்கையில் பை அமராது. ஞாயிற்றுக்கிழமை பாசிர் ரிஸ் போக, பொங்கோல் சகோதரி சொன்னதுபோல் ஒரு தள்ளுவண்டி வாங்கியிருக்கிறேன். முப்பத்திரண்டு வெள்ளி, கணக்கர் ஐயாவின் கவனத்துக்கு.

நாளை ஞாயிறு. நிலவு தேய்ந்து பாதியாகிவிட்டது, ஓதம் பெரிதல்ல. வெளிச்சம் வந்த பிறகு நீரோட்டம் ஐயா இன்னொரு படகில் உடன் வருகிறார். மனைவியும் வருகிறார். கயாக் இருவர் அமரக்கூடியது என்பது உறையிலேயே எழுதியிருக்கிறது. முன்னிருக்கையை எந்த வளையத்தில் மாட்டுவது என்று இப்போது வரவேற்பறையில் படகை ஊதிவைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டாக அந்த இருக்கையைப் பையிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை.